ஒர்பாதேயிலிருந்து ஒரு தாக்கல்

சுபலட்சுமிக்கு அந்தப் போன் வந்தபோது காலை பதினொரு மணி இருக்கும். ஆரணி கொசப்பாளையத்தில், தம்பி பாலமுருகனின் சாயப்பட்டறையில் அவள் மாம்பழ மஞ்சள் காய்ச்சிக்கொண்டிருந்தாள். கொப்பரையில் பட்டு முங்கிக் கிடக்கிற நேரத்தில் அவள் போனைத் தொடுவதில்லை. கொஞ்சம் கவனம் தப்பினாலும் கட்டுக்குக் கட்டு நிறம் மாறிவிடும். மூன்றாவது முறையும் அடித்ததால்தான் கையைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு எடுத்தாள்.

"அக்கா, அமர்நாத் பேசறேன். எதிர்த்தரப்பு சாட்சிங்க லிஸ்ட் வந்துடிச்சி. ஆறு பேரு. அஞ்சு பேர் ஆபீசருங்க. ஆறாவது ஒரு லேடி. மில்லுல உங்க செக்‌ஷன்ல வேலை செஞ்சவங்களாம். தெமேரான்னு பேரு. ஞாபகம் இருக்குதா?"

கொப்பரையிலிருந்து ஆவி அவள் முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது. அவள் நகரவில்லை.

"உயிரோட கீறாளா?" என்றாள்.

வக்கீல் அமர்நாத்துக்கு அந்தக் கேள்வி புரியவில்லை. "சாட்சி சொல்ல வராங்கன்னா உயிரோடதானேக்கா இருப்பாங்க" என்றான்.

அன்று அந்தக் கொப்பரையில் இருந்த நாலு கட்டும் கெட்டுப்போயின. பாலமுருகன் வந்து பார்த்துவிட்டு, அக்காவின் முகத்தையும் பார்த்துவிட்டு, கெட்ட கட்டுகளைத் தானே எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

அந்த நாட்டின் பெயரை இங்கே சொல்வதற்கில்லை. வழக்கு முடியும்வரை வெளியில் பேசுவதில்லை என்று எல்லோரும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். பிறகு அதுவே பழகிவிட்டது. ஆப்பிரிக்காவின் கிழக்குப் பகுதியில் இருக்கிறது என்று மட்டும் சொல்லலாம். சுபலட்சுமிக்கு அது எப்போதும் 'அங்க'தான். அங்க குளிர் ஜாஸ்தி, அங்க வெங்காயம் சின்னது, அங்க ஆறு மணிக்கே இருட்டிவிடும்.

அவளை அங்கே கூட்டிப்போனவர் வர்த்தமான நயினார். ஆரணிக்குப் பக்கத்துக் கிராமத்துச் சமணக் குடும்பம். புழுவைக் கொதிநீரில் போட்டு எடுக்கிற நூலைத் தொடமாட்டேன் என்று, ஊரே பட்டில் பிழைக்கும்போது பருத்தி நூல் வியாபாரம் பார்த்துக்கொண்டிருந்தவர். ஆமணக்கு இலை தின்று வளர்கிற ஒரு புழு இருக்கிறது, பூச்சி கூட்டைத் திறந்துகொண்டு பறந்துபோன பிறகு வெறுங்கூட்டை எடுத்து நூற்கலாம் என்று அவருக்கு எப்போதோ தெரியவந்தது. அந்த நாட்டில் ஆமணக்கு காடாக விளைகிறது என்றும், அந்த அரசாங்கம் முப்பது வருடக் குத்தகைக்கு நிலம் தருகிறது என்றும் தெரிந்தபோது அவருக்கு ஐம்பத்து நாலு வயது. மனைவி சக்ரேஸ்வரி வேண்டாம் என்றுதான் சொன்னார். நயினார் ஒர்பாதே என்கிற சிறிய ஊரில் ஆலை கட்டினார். இருநூற்று நாற்பது பேருக்கு வேலை. அதில் முக்கால்வாசி பெண்கள்.

சாயப் பிரிவுக்கு ஒரு மாஸ்டர் தேவைப்பட்டபோது சுபலட்சுமி தானே போய்க் கேட்டாள். அப்போது அவளுக்கு முப்பத்திரண்டு. கலசப்பாக்கத்தில் கட்டிக்கொடுத்த இடத்தில் மூன்று வருடம் இருந்துவிட்டுப் பிறந்த வீட்டுக்குத் திரும்பியவள். ஊரில் யாரைப் பார்த்தாலும் அவர்கள் கண்ணில் முதலில் ஏன் திரும்பி வந்தாய் என்கிற கேள்விதான் நிற்கும். அப்பாவிடம் கற்ற தொழிலும் பாலிடெக்னிக் படிப்பும் பிறகுதான்.

அங்கே அந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை. அவளை 'மாஸ்டர்' என்றார்கள். இரண்டாம் மாதம் சாயப் பிரிவில் சேர்ந்த தெமேரா கேட்ட முதல் கேள்வி, "உங்க ஊர்ல மழை எப்படிப் பெய்யும்?" என்பது.

தெமேரா அவளைவிட இரண்டு வயது சின்னவள். மூட்டை தைக்கிற வேலை பார்த்துக்கொண்டிருந்தவள். புருஷன் தலைநகரத்துக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டான். வீட்டில் அம்மா, ஒரு பையன், கைக்குழந்தையாக ஒரு பெண். நிறத்தைப் பார்த்த மாத்திரத்தில் எந்தப் பொடி எவ்வளவு என்று சொல்லிவிடுகிற கண் அவளுக்கு. சுபலட்சுமி அவள் மொழியைக் கற்றாள். அவள் சுபலட்சுமியின் தமிழைக் கற்றாள். புத்தகத் தமிழ் இல்லை, கொசப்பாளையத்துத் தமிழ். தலைநகரத்திலிருந்து வந்த மதுரைக்கார இன்ஜினியர் ஒருவர், அந்தப் பெண் "இன்னாங்க, ஜல்தி வாங்க" என்று கூப்பிட்டதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தார்.

வேலை முடிந்ததும் இரண்டு பேரும் ஆமணக்குக் கொல்லை ஓரமாக நடப்பார்கள். தைலமரத் தோப்புக்குப் பின்னால் தெமேராவின் வீடு. அரை மணி நேர நடை. அந்த மூன்றரை வருடத்தில் என்னென்ன பேசினோம் என்று கேட்டால் சுபலட்சுமியால் இப்போது சொல்ல முடியாது. பேச்சு ஓயாமல் இருந்தது, அது மட்டும்தான் ஞாபகம்.

பிறகு அந்த நாட்டில் கலவரம் வந்தது. தேர்தலில் ஆரம்பித்து, யாரோ சுடப்பட்டு, வெளிநாட்டுக்காரன் நம் நிலத்தைப் பிடுங்கிக்கொண்டான் என்கிற கோபத்தில் வந்து நின்றது. பக்கத்து மாவட்டத்தில் ஒரு பூந்தோட்டத்தைக் கொளுத்தினார்கள். நயினார் அரசாங்கத்திடம் பாதுகாப்பு கேட்டார். பன்னிரண்டு சிப்பாய்கள் வந்து ஆலை வாசலில் கூடாரம் போட்டார்கள். செவ்வாய்க்கிழமை நயினார் இன்னும் ஆட்கள் கேட்கத் தலைநகரத்துக்குப் போனார். வியாழக்கிழமை சாயங்காலம் அந்தப் பன்னிரண்டு பேரும் லாரி ஏறிப் போய்விட்டார்கள். வெள்ளிக்கிழமை விடிந்ததும் கூட்டம் வந்தது.

சுபலட்சுமி அப்போது ஆலையில்தான் இருந்தாள். மற்ற இந்தியர்கள் நாலு பேரும் செவ்வாய்க்கிழமையே ஆமணக்கு லாரியில் கிளம்பியிருந்தார்கள். காய்ச்சிய நூலை அப்படியே விட்டுவிட்டு வர அவளுக்கு மனம் வரவில்லை. முன்வாசல் இரும்புக் கதவு விழுகிற சத்தம் கேட்டபோது பின்சுவர் ஏறிக் குதித்து வந்தவள் தெமேரா. தன் போர்வையை எடுத்து இவள் தலையில் போர்த்தி, கொல்லை வழியாக இழுத்துக்கொண்டு ஓடினாள். திரும்பிப் பார்த்தபோது சாயக் கிடங்கிலிருந்து புகை பச்சையாக எழும்பியது.

இரண்டு நாள் தெமேராவின் வீட்டில், சோளம் சேர்த்து வைக்கிற பரணில் படுத்துக் கிடந்தாள். ஞாயிற்றுக்கிழமை, வெளியூர் போகிற ஒரு கல்யாணப் பேருந்தில் அவளை ஏற்றிவிட்டபோது தெமேரா தன் மொழியில் சொன்னாள்: "என் வீட்டில் இருந்தாய் என்று யாரிடமும் சொல்லாதே. எப்போதும் சொல்லாதே. நீ போய்விடுவாய். நான் இங்கேதான் இருக்க வேண்டும்."

சொல்லமாட்டேன் என்று சுபலட்சுமி அவள் கையைப் பிடித்துச் சொன்னாள். அதற்குப் பிறகு அந்தப் போன் எண் வேலை செய்யவில்லை. அனுப்பிய இரண்டு கடிதமும் திரும்பி வந்தன. ஆறு வருடம். தன்னை மறைத்து வைத்ததற்காக அவளைக் கொன்றிருப்பார்களோ என்கிற எண்ணம் கொப்பரை முன் நிற்கும்போது வரும், பஸ்ஸில் போகும்போது வரும். யாரிடமும் சொல்லக்கூட முடியாத கவலை அது.

நயினார் வழக்குப் போட்டார். அந்த நாட்டுக்கும் இந்தியாவுக்கும் இடையே பழைய முதலீட்டு ஒப்பந்தம் ஒன்று இருந்தது. உன் நாட்டுக்காரன் இங்கே வந்து தொழில் நடத்தினால் அவனுக்குப் பாதுகாப்பு தருவேன் என்று இரண்டு அரசாங்கங்களும் ஒன்றுக்கொன்று கொடுத்த வாக்கு. அதை மீறினால் உள்ளூர்க் கோர்ட்டுக்குப் போகவேண்டியதில்லை. மூன்று நடுவர்கள் உட்கார்ந்து விசாரிப்பார்கள். ஒருவரை நயினார் நியமித்தார், ஒருவரை அந்த அரசு நியமித்தது. தலைவராக வந்தவர் இரண்டு பேருக்கும் பொதுவான ஒரு பெண்மணி. விசாரணை ஹேக் நகரத்தில்.

கொளுத்தியது கூட்டம்தான், அரசு இல்லை. அதை யாரும் மறுக்கவில்லை. தடுக்கிற இடத்தில் நிறுத்தியிருந்த சிப்பாய்களை அரசு எதற்காகத் திரும்ப அழைத்தது என்பதுதான் நயினாரின் கேள்வி. அரசின் பதில் வேறு மாதிரி இருந்தது: நாங்கள் அழைக்கவில்லை. செவ்வாய்க்கிழமையே ஆலையைக் கைவிட்டு முதலாளியும் ஆட்களும் போய்விட்டார்கள். ஆள் இல்லாத கட்டடத்துக்குக் காவல் எதற்கு?

அந்தப் பதிலுக்குத் துணையாகத்தான் தெமேராவின் வாக்குமூலம் வந்திருந்தது.

நயினாரின் கடை மாடியில் அமர்நாத் அதைத் தமிழில் படித்துக் காட்டினான். பதினொரு பத்தி. வெளிநாட்டுக்காரர்கள் எல்லோரும் செவ்வாய்க்கிழமை போய்விட்டார்கள். சாவியை என்னிடம் கொடுத்தார்கள். சுபலட்சுமி என்பவரை அதன்பின் நான் பார்க்கவில்லை. கடைசியில் கையெழுத்து. தெமேராவுக்கு எழுதப் படிக்கத் தெரியும். அந்தக் கையெழுத்து அவளுடையதுதான். கீழே இப்போதைய முகவரியும் இருந்தது, ஒர்பாதேயிலேயே வேறொரு வீடு.

"புளுகுறா" என்றார் நயினார். அவருக்கு வயது அறுபத்தைந்து ஆகியிருந்தது. "நீ வெள்ளிக்கெழம வரைக்கும் இருந்தது அவளுக்குத் தெரியாதா? உன் நிழல் மாதிரி சுத்திகினு இருந்தவ."

சுபலட்சுமி காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அமர்நாத் மெதுவாகக் கேட்டான். "அக்கா, உங்க வாக்குமூலத்துல, 'கூட வேலை செஞ்ச ஒருத்தர் வீட்ல ரெண்டு நாள் இருந்தேன்'னு சொல்லியிருக்கீங்க. பேர் சொல்லல. அது இவங்கதானா?"

"கேக்காத தம்பி."

"அவங்கதான்னா நம்ம கேஸ் முடிஞ்சிடும்க்கா. நேர்ல வெச்சிக் கேட்டா உடைஞ்சிடுவாங்க."

"கேக்காதன்னு சொன்னேன் இல்ல?"

காகிதத்தை மடித்து அவன் பக்கம் தள்ளினாள். பிறகு அவளே கேட்டாள். "நான் ஒரே ஒரு தடவ போன்ல பேசினா? கேஸப் பத்தி ஒண்ணியும் பேசமாட்டேன்."

"ஐயோ அக்கா. சாட்சியும் சாட்சியும் பேசவே கூடாது. பேசினது தெரிஞ்சா நயினார் கேஸே போயிடும். லெட்டர், வாட்ஸப் எதுவும் கூடாது."

அந்த முகவரியை அவள் எழுதிக்கொள்ளவில்லை. ஒருமுறை பார்த்ததிலேயே மனதில் நின்றுவிட்டது. ஆறு வருடம் ஒரு எழுத்துக்காகத் தவித்தவளிடம் இப்போது வீட்டு எண்கூட இருந்தது. ஒரு தபால் அட்டை போட முடியவில்லை. ஆனி போய் ஆடி வந்தது. பட்டறையில் வேலை முடிந்து எல்லோரும் போன பிறகு, நடந்து போக இடமில்லாதவள் மாதிரி வாசலுக்கும் கொப்பரைக்கும் நடந்துகொண்டிருப்பாள். தம்பி பெண்டாட்டி லாவண்யா, "இன்னாக்கா தேடறீங்க?" என்று கேட்பாள். "ஒண்ணும் இல்லமா" என்பாள்.

ஆகஸ்டில் விசாரணை. ஹேக் நகரத்தில் காலை பத்து என்றால் ஆரணியில் பகல் ஒன்றரை. சாட்சிகள் இருக்கிற இடத்திலிருந்தே கணினி வழியாகப் பேசலாம் என்று மன்றம் அனுமதித்திருந்தது. நயினாரின் மாடி அறையில் நாலு பக்கமும் பார்க்கிற ஒரு கேமராவை நடுவில் வைத்தார்கள். மேசை மேல் தண்ணீர் தவிர வேறு எதுவும் இருக்கக்கூடாது. சுவரில் இருந்த காலண்டரைக்கூடக் கழற்றச் சொன்னார்கள். யாரும் சொல்லிக் கொடுக்காமல் பார்க்க, எதிர்த்தரப்பு டெல்லியிலிருந்து ஒரு வக்கீல் அம்மாளை அனுப்பியிருந்தது. கரண்ட் போனால் என்ன செய்வது என்று நயினார் ஒரு கல்யாண மண்டபத்து ஜெனரேட்டரைக் கீழே கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்.

திரையில் மூன்று நடுவர்கள். நடுவில் வெள்ளை முடித் தலைவர் அம்மாள். கேள்வி கேட்டவர் அரசுத் தரப்பின் ஆங்கில வக்கீல், குரலை உயர்த்தாதவர். கேட்டதை ஒரு பெண் தமிழில் சொன்னாள்.

"வெள்ளிக்கிழமை தப்பித்து ஒரு வீட்டில் இரண்டு நாள் இருந்ததாகச் சொல்கிறீர்கள். யார் வீடு?"

"கூட வேலை செஞ்சவங்க வீடுங்க."

"பெயர்?"

"சொல்ல மாட்டேங்க."

தலைவர் அம்மாள் குறுக்கிட்டார். "அம்மா, நீங்கள் மறுத்தால் அப்படி ஒருவரே இல்லை என்று இந்த மன்றம் எடுத்துக்கொள்ள நேரலாம். அது உங்கள் தரப்புக்குப் பாதகம். புரிகிறதா?"

"புரியுதுங்க. நீங்க அப்படியே எடுத்துக்கோங்க." மேசை மேல் இருந்த தண்ணீரைத் தள்ளி வைத்தாள். "நான் இங்க பேர் சொல்லிட்டு எழுந்து போயி காபி குடிப்பேன். அவங்க அங்க இருக்காங்க. அவங்களுக்கு இன்னா ஆகும்னு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது."

வக்கீல் அதை ஏதோ எழுதிக்கொண்டார். "ஆக, செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு நீங்கள் அங்கே இருந்ததற்கு உங்கள் வாய்ச்சொல்லைத் தவிர வேறு ஆதாரம் இல்லை. சரிதானே?"

சுபலட்சுமி கண்ணை மூடிக்கொண்டாள். வியாழக்கிழமை சாயங்காலம். தூறல். சிப்பாய்கள் கூடாரத்தைப் பிரிக்கிறார்கள். மீசை அரும்பாத அந்த அதிகாரி சாயக் கூடத்து வாசலில் வந்து நிற்கிறான்.

"கம்பளி வாங்கினேன்" என்றாள்.

"என்ன?"

"குளிர்னு சொல்லி அவங்களுக்கு மில்லுலருந்து பன்னெண்டு கம்பளி கொடுத்திருந்தோம். கெளம்பறப்ப அந்த ஆபீசர் பன்னெண்டையும் மடிச்சித் திருப்பிக் கொடுத்தாரு. நல்ல பையன். 'மேலருந்து உத்தரவு, போகணும்'னு சொன்னாரு. பெற்றுக்கொண்டேன்னு அவங்க நோட்டுல என் கையெழுத்து வாங்கினாரு. தேதி, டைம் போட்டாங்க. நான் தமிழ்ல போட்டேன்."

"இதை ஏன் உங்கள் வாக்குமூலத்தில் சொல்லவில்லை?"

"கம்பளியப் பத்தி யாரும் கேக்கலீங்க."

தலைவர் அம்மாள் அரசுத் தரப்பைப் பார்த்தார். அந்தக் காவல் பதிவேடு உங்களிடம் இருக்கிறதா என்று கேட்டார். விசாரித்துச் சொல்கிறோம் என்றார்கள். நாற்பத்தெட்டு மணி நேரத்தில் அந்தப் பக்கத்தை மன்றத்தின் முன் வைக்க வேண்டும், இல்லையென்றால் ஏன் இல்லை என்று சொல்ல வேண்டும் என்று உத்தரவு போட்டார்.

அன்று விசாரணை முடியும்போது ஏழரை மணி. பொழுது சாய்ந்த பிறகு நயினார் எதுவும் சாப்பிடுவதில்லை. மத்தியானமும் படபடப்பில் சாப்பிடாமல் விட்டிருந்தார். படியில் நின்று கேட்டார்.

"பேரச் சொல்லியிருந்தா நேரா முடிஞ்சிருக்கும்."

"தெரியும் நயினாரு."

"தெரிஞ்சேதான் சொல்லலியா?"

"ஆமாங்க."

அவர் கோபமாக இருக்கிறாரா என்று அவளுக்குப் பிடிபடவில்லை. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டார்.

பதிவேட்டின் பக்கம் மூன்றாம் நாள் வந்தது. அந்நிய எழுத்து வரிசைகளுக்கு நடுவே, கோணல்மாணலாக, 'சுபலட்சுமி'. பக்கத்தில் வியாழக்கிழமைத் தேதி. மாலை ஐந்து நாற்பது. அமர்நாத் மேசையைத் தட்டினான். நயினார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடியும் துடைத்தார். ஆனால் சுபலட்சுமி நினைத்துக்கொண்டிருந்தது வேறு. சாட்சி சொல்லி முடித்தவர்கள் மற்ற சாட்சிகளைப் பார்க்கலாம் என்று அமர்நாத் சொல்லியிருந்தான். அன்று தெமேராவின் முறை.

திரையில் ஏதோ ஓர் அரசு அலுவலகம். பின்னால் கொடி. நாற்காலியில் வந்து உட்கார்ந்தவளின் முடி ஒட்ட வெட்டியிருந்தது. கன்னம் ஒட்டியிருந்தது. சுபலட்சுமி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு திரைக்கு ஒரு முழம் முன்னால் போய் உட்கார்ந்தாள். அங்கிருந்து இவளைப் பார்க்கவோ கேட்கவோ முடியாது. அவர்கள் திரையின் ஓரத்தில் 'ஆரணி' என்று ஒரு கறுப்புக் கட்டம் தெரியும், அவ்வளவுதான் என்றான் அமர்நாத்.

தெமேரா பேசினாள். மொழிபெயர்ப்பாளர் ஆங்கிலத்தில் சொல்வதற்கு முன்பே சுபலட்சுமிக்கு எல்லாம் விளங்கியது. ஆறு வருடம் காதில் விழாத மொழி.

நயினார் தரப்பின் மூத்த வக்கீல் ஹேக்கிலிருந்து கேட்டார். "ஆலை எரிந்த பிறகு நீங்கள் போலீஸ் காவலில் வைக்கப்பட்டீர்களா?"

"ஆமாம்."

"எத்தனை நாள்?"

"நாற்பது நாள்."

"எதற்காக?"

"வெளிநாட்டுக்காரர்களுக்கு வேண்டியவள் என்று யாரோ சொல்லிவிட்டார்கள்."

சுபலட்சுமி வாயைப் பொத்திக்கொண்டாள். தான் ஆரணியில் வந்து இறங்கி, தம்பி வீட்டில் வெந்நீரில் குளித்து, சாப்பிட்டுத் தூங்கிய நாட்கள் அவை.

வக்கீல் அந்தப் பக்கத்தைத் திரையில் காட்டினார். "இந்தக் கையெழுத்து யாருடையது என்று தெரிகிறதா?"

தெமேரா முன்னால் சாய்ந்து பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். அந்த எழுத்துகளைச் சுபலட்சுமியிடமே எழுதக் கற்றுக்கொண்டவள் அவள்.

"மாஸ்டருடையது."

"வியாழக்கிழமை. நீங்கள் செவ்வாய்க்கிழமையே அவர் போய்விட்டதாகச் சொல்லியிருக்கிறீர்கள்."

"ஆறு வருடம் ஆகிறது. நான் கிழமையை மறந்திருப்பேன். இதில் இருப்பதுதான் சரியாக இருக்கும்."

"வெள்ளிக்கிழமை நீங்கள் எங்கே இருந்தீர்கள்?"

"வீட்டில்."

"கூட யார்?"

"என் அம்மா. என் பிள்ளைகள்." அவள் நிறுத்தினாள். எதிரே இருக்கிற கேமராவைப் பார்க்காமல் திரையின் ஓரத்தில் எதையோ பார்த்தாள். பிறகு, அதே குரலில், பதிலின் தொடர்ச்சி மாதிரி சொன்னாள்:

"பசங்க நல்லா கீறாங்க. பேஜார் இல்ல. நீ?"

மொழிபெயர்ப்பாளர் திகைத்தார். "மன்னிக்கவும், கடைசிப் பகுதி எனக்கு விளங்கவில்லை" என்றார். தலைவர் அம்மாள் மறுபடி சொல்லச் சொன்னார். தெமேரா தன் மொழியில், "பிள்ளைகளின் பெயரைச் சொன்னேன்" என்றாள்.

ஆரணி மாடியில் அமர்நாத் துள்ளி எழுந்தான். "நயினாரு! தமிழ்ல பேசறாங்க! அக்காகிட்ட பேசறாங்க! இத நம்ம சீனியருக்கு இப்பவே மெசேஜ் போட்டா, இவங்க சாட்சியே நிக்காது. மறைச்சி வெச்சவங்க யாருன்னு வெளிய வந்துடும்—"

நயினார் அவன் கையில் இருந்த போனின் மேல் தன் கையை வைத்தார்.

"வேணாம்."

"நயினாரு, இது நம்ம கேஸ்—"

"நம்ம கேசுக்கு அந்த நோட்டுப் பக்கம் போதும். இது அவளுக்கு வந்த தாக்கல், அவளுக்குன்னு சொன்ன சேதி. நாம எடுக்கக் கூடாது."

சுபலட்சுமிக்கு அவர்கள் பேசியது காதில் விழுந்தது. திரும்பிப் பார்க்கவில்லை. திரையில் யாரோ தெமேராவுக்கு நன்றி சொன்னார்கள். அவள் எழுந்தாள். நாற்காலி காலியானது. கொடி மட்டும் கொஞ்ச நேரம் தெரிந்தது, பிறகு அதுவும் போய்விட்டது.

தீர்ப்பு வர எட்டு மாதம் ஆனது. பாதுகாப்பு தருவதாகச் சொன்ன வாக்கை அந்த அரசு மீறியது என்று மூன்று நடுவர்களும் ஒரே மனதாகச் சொன்னார்கள். கேட்டதில் பாதிக்கும் குறைவாகத்தான் நஷ்டஈடு. அதையும் எதிர்த்து அந்த அரசு ஹேக் நகரத்துக் கோர்ட்டுக்குப் போயிருக்கிறது. இன்னும் இரண்டு வருடம் இழுக்கும் என்றான் அமர்நாத். நயினார் தீர்ப்பைப் பீரோவில் வைத்தார். "நான் பொய் சொல்லல, விட்டுட்டு ஓடலன்னு எழுதிக் கொடுத்துட்டாங்க. அது போதும்" என்று சக்ரேஸ்வரியிடம் சொன்னாராம்.

இனி யாரிடம் வேண்டுமானாலும் பேசலாம் என்று அமர்நாத் சொன்ன மறுநாளே சுபலட்சுமி விசாவுக்கு மனுப் போட்டாள். அங்கே யாரைப் பார்க்கப் போகிறீர்கள், பெயர், முகவரி என்று ஒரு கட்டம் இருந்தது. முகவரி அவளுக்கு மனப்பாடம். கட்டத்தைக் காலியாக விட்டு, ஊர் பார்க்க என்று போட்டாள். ஐந்து வாரம் கழித்து, காரணம் எதுவும் இல்லாமல், மறுத்து வந்தது. கடிதம் எழுத உட்கார்ந்து எழுந்துவிட்டாள். ஜெயித்த பக்கத்துச் சாட்சி தோற்ற பக்கத்துச் சாட்சிக்கு எழுதுகிற கடிதத்தைத் தபாலில் யார் பிரிப்பார்களோ.

தேவிகாபுரத்துப் பச்சையப்பன் எண்ணெய்ச் செக்கு இயந்திரம் ஏற்றுமதி செய்கிறவர். வருடம் ஒரு தடவை அந்தப் பக்கம் போவார். நயினார்தான் அவரைப் பட்டறைக்கு அனுப்பிவைத்தார்.

"ஒர்பாதே தாண்டித்தான் போவேன். வாய்வார்த்தையா சொல்லணும்னா சொல்லுங்க. எழுத்துல வேணாம்" என்றார்.

அவள் அன்று முழுக்க யோசித்தாள். ஏழு வருடத்துப் பேச்சு நெஞ்சு வரைக்கும் நிறைந்து கிடந்தது. ஓர் ஆள் மனதில் வைத்துக்கொண்டு போகிற அளவுக்கு அதில் எதை எடுப்பது? கடைசியில் தெமேராவின் மொழியிலேயே ஒரு வாக்கியம் சொல்லிக் கொடுத்தாள். நானும் நன்றாகத்தான் இருக்கிறேன், சாயங்காலம்தான் போகமாட்டேன் என்கிறது. பச்சையப்பனுக்கு நாக்கு புரளவில்லை. பஸ் கிளம்பும்வரை ஜன்னலுக்கு வெளியே நின்று அவள் திருத்திக்கொண்டே இருந்தாள்.

தை முடிவில் அவர் திரும்பி வந்தார்.

"வீட்டக் கண்டுபுடிச்சேன். அந்தம்மா வேலைக்குப் போயிருந்தாங்க. பேக்கரில வேலையாம். பொண்ணுதான் இருந்துச்சி. நீங்க சொன்னத சொன்னேன். நான் பேசினதக் கேட்டு ஒரே சிரிப்பு அதுக்கு. அப்புறம் ரெண்டு தடவ திருப்பிச் சொல்லச் சொல்லிச்சி. அம்மாகிட்ட சொல்றேன்னு தலைய ஆட்டிச்சி. எனக்கு வண்டிக்கு நேரமாயிடிச்சி, நிக்க முடியல."

"பொண்ணா?" சுபலட்சுமி கழியைக் கொப்பரை மேல் குறுக்கே வைத்தாள். பரணிலிருந்து பார்க்கும்போது கீழே கோழிக்குஞ்சைத் துரத்திக்கொண்டிருந்த குழந்தை. நாலு வயதுகூட நிறையாதது. "எவ்ளோ உயரம் கீறா?"

பச்சையப்பன் யோசித்தார். தன் தோளுக்குக் கொஞ்சம் கீழே கையைப் படுக்கைவசமாக வைத்துக் காட்டினார்.

"இவ்ளோ இருக்கும்ங்க."

அவர் கையை எடுத்த பிறகும் சுபலட்சுமி அந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.